நாலு இல்லையும் ஒரு பார்க்கலாமும்

அம்பத்தூர்,
12.9.2025

அன்புள்ள மாமாவுக்கு ரம்யா எழுதுவது.

நான் சுகம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்ப முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

இந்தக் காலத்தில் எவள் புருஷனுக்குக் கடிதம் எழுதுகிறாள் என்று கேட்பீர்கள். பயிற்சி மையத்தில் திங்கள் முதல் சனி வரை எங்கள் போனை வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் கையில் தருகிறார்கள். அந்த அரை மணிக்கு நீங்கள் சிக்னல் கிடைக்கும் புளியமரத்து வளைவில் வந்து நிற்க வேண்டும். அங்கே குப்பன் அண்ணன் டீக்கடை. போன ஞாயிறு "சாப்ட்டீங்களா" என்று நான் கேட்டதற்கு உங்களுக்கு முன்னால் அவர், "ரெண்டு போண்டா துன்னாரும்மா" என்றார். பக்கத்து வீட்டுச் செல்லியம்மாள் அக்கா பின்னாலிருந்து, "அது நேத்து" என்று திருத்தினார். இதற்குக் கடிதம் எவ்வளவோ மேல்.

இங்கே நாங்கள் பன்னிரண்டு பேர், எல்லோரும் நர்ஸ் படித்தவர்கள். ஜப்பானில் முதியோர் இல்லங்களில் மூன்று வருஷ வேலை. டிசம்பரில் கிளம்புகிறோம். மொழி சொல்லித்தருவது ஈஸ்வரி டீச்சர். ஆறு வருஷம் அந்த ஊரில் இருந்தவர். சிரிப்பதில்லை.

இந்த வாரம் 'இல்லை' என்ற பாடம். அவர்களிடம் அதற்கு நாலு எழுத்து: 不, 無, 非, 未. நாலும் இல்லைதான். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் மார்க் போய்விடும். நேற்று எனக்கு இருபதுக்கு ஏழு.

நான் கிளம்பும்போது அரிசி டப்பா மேல் ஒரு காகிதம் வைத்துவிட்டு வந்தேன். நான் ஜப்பான் போவதில் உங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரே ஒரு வரி. கீழே உங்கள் கையெழுத்து, ஒரு சாட்சி. அக்டோபர் 15க்குள் அது எனக்கு வேண்டும்.

மேல் தாழ்ப்பாளையும் போட்டுக்கொண்டு படுங்கள்.

உங்கள்
ரம்யா


காவலூர்,
18.9.2025

அன்புள்ள ரம்யாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தபால்காரர் அதைக் கொடுத்துவிட்டு, நான் பிரிக்கும் வரை நின்றார். "கோர்ட்டு நோட்டீசா?" என்றார். வூட்டுக்காரி எழுதியிருக்கிறாள் என்றேன். "ஓகோ" என்றார். அந்த ஓகோ எனக்குப் பிடிக்கவில்லை.

மழை விவரம்: திங்கள் 4.2, செவ்வாய் 0.0, புதன் 11.8 மில்லிமீட்டர். சாமைத் திட்டத்துக்காரர்கள் நம் மேட்டில் நட்ட மழைமானியைத் தினமும் காலை எட்டரைக்குப் பார்த்து எழுதுகிறேன். திட்ட அதிகாரி சிவசங்கரி மேடம் போன வாரம் வந்தார். மலையில் இருக்கிற ஆறு பதிவேட்டில் என்னுடையதுதான் சுத்தம் என்றார். இதை நீ அங்கே யாரிடமாவது சொல்லலாம்.

இல்லை என்பதற்கு நாலு எழுத்து எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. இங்கே ஆபீஸ் என்று பேர் எழுதிய இடங்களில் எல்லாம் ஒரே ஒரு இல்லையை வைத்துக்கொண்டு எத்தனையோ வருஷமாக ஓட்டுகிறார்கள். அது இன்னும் தேயவில்லை. குப்பனிடம் கேட்டேன். "இல்லன்றதயே ஒருத்தன் நாலு தினுசா சொல்றான்னா, அவன் கிட்ட இன்னாவோ கீதுன்னு அர்த்தம்" என்றான். அவன் சொல்வதில் எப்போதாவது விஷயம் இருக்கும்.

வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறவளுக்கு இத்தனை இல்லை எதற்கு? அவர்கள் கேட்டதைக் கொடுக்கத்தானே போகிறாய்? முதலில் அந்த மையம் உண்மையிலேயே மையம்தானா? பேப்பரில் தினம் ஒன்று வருகிறது. பெயர்ப் பலகை இருக்கிறதா, இருந்தால் ஆணி அடித்திருக்கிறார்களா, கயிற்றில் கட்டியிருக்கிறார்களா என்று பார்த்து எழுது.

காகிதத்தைப் பார்த்தேன். பார்க்கலாம்.

கோபால்சாமி


அம்பத்தூர்,
25.9.2025

அன்புள்ள மாமாவுக்கு,

பலகையைச் சிமெண்ட் வைத்துப் பூசியிருக்கிறார்கள்.

நாலு எழுத்து எதற்கு என்று கேட்டீர்கள். நானும் அதைத்தான் ஈஸ்வரி டீச்சரிடம் கேட்டேன். "உங்க ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கா? அப்ப எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று திருப்பிக் கேட்டார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் நம் வீட்டிலிருந்து ஒரு சாமானை எடுத்து வைத்துக்கொள்கிறேன். இப்போது இருபதுக்குப் பதினேழு வருகிறது.

முதல் எழுத்து 不. மேலே ஒரு கூரை, கீழே மூன்று கால். ஒன்று இருக்கும், ஆனால் ஆகாது, செய்யாது. நம் மிக்ஸி. தண்ணீர் இருந்தும் குடிக்கத் தகாது என்றாலும், படுத்தும் தூக்கம் வராது என்றாலும் இதே எழுத்துதான்.

無 என்பது பார்க்க வேலிப்படல் மாதிரி இருக்கும். அடியில் நாலு சொட்டு. மற்ற எழுத்துகளில் அந்தச் சொட்டு நெருப்பைக் குறிக்கும் என்பதால், படல் எரிந்து சாம்பல்கூட மிச்சமில்லை என்று மனசில் வைத்துக்கொண்டேன். சுத்தமாகக் கிடையாது. நம் வீட்டுக்குள் சிக்னல்.

非 என்பது முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் இரண்டு சீப்பு. 'இது அது அல்ல' என்று அர்த்தம். குப்பன் அண்ணன் தருவது சூடாக இருக்கும், டம்ளரில் இருக்கும், டீ அல்ல. ஹாஸ்டல் மாடிக் கதவில் இந்த எழுத்தை ஒட்டியிருக்கிறார்கள். வழக்கமான வாசல் அல்ல, ஆபத்து வந்தால் ஓட வேண்டிய வாசல்.

கடைசி 未. ஒரு மரம், உச்சியில் குட்டையாக ஒரு கிளை. இன்னும் இல்லை, ஆனால் வரலாம். இதில்தான் எல்லோரும் தப்பு செய்கிறோம். அந்த உச்சிக் கிளை கொஞ்சம் நீண்டுவிட்டால் வேறு எழுத்தாகிவிடும், 'முடிவு' என்று அர்த்தம் மாறிவிடும். இதற்குச் சாமான் எதையும் வைக்கவில்லை. ஆறு வருஷமாக ஊரில் எல்லோரும் என் வயிற்றைப் பார்த்துவிட்டு என்னிடம் சொல்கிற எழுத்து இது. டாக்டர் சொன்னது என்ன என்பது நம் இருவருக்கும்தான் தெரியும். அவர் எந்த எழுத்தையும் சொல்லவில்லை. இன்னொரு டெஸ்ட் பாக்கி என்றார்.

வெற்றிவேல் என்று ஒரு திருவண்ணாமலைப் பையன் என் பெஞ்சில் இருக்கிறான். எழுத்துக்கு எழுத்து படம் போட்டுத் தருகிறான். இரண்டு சீப்பு அவன் சொன்னதுதான். வெற்றிவேல் இல்லாவிட்டால் நான் இன்னும் ஏழிலேயே இருந்திருப்பேன்.

காகிதம்?

உங்கள்
ரம்யா


காவலூர்,
30.9.2025

அன்புள்ள ரம்யாவுக்கு,

உன் கடிதத்தின் உறை ஓரத்தில் கொஞ்சம் ஈரமாக இருந்தது. யாரும் பிரிக்கவில்லை என்று நினைக்கிறேன். இருந்தாலும் மரம், கிளை போன்ற விஷயங்களைத் தபாலில் எழுத வேண்டாம்.

சனி 0.0, ஞாயிறு 0.0, திங்கள் 7.5.

இந்த வெற்றிவேல் என்ன வயசு? கல்யாணம் ஆனவனா? 'பையன்' என்று எழுதியிருக்கிறாய். நம் ஊரில் நாற்பது வயசு வரைக்கும் பையன்தான். திருவண்ணாமலையில் எந்தப் பக்கம்? ஆண்பிள்ளை நர்ஸ் படித்ததற்குக் காரணம் ஏதாவது சொன்னானா? இதெல்லாம் பொதுவாகக் கேட்கிறேன். உன் மேல் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ளாதே. சந்தேகம் வேறு, விவரம் கேட்பது வேறு.

இன்னொன்று. மிக்ஸி வந்துவிட்டது, சிக்னல் வந்துவிட்டது, குப்பன் டீ வந்துவிட்டது. நம் வீட்டில் இருக்கிற இன்னொரு சாமான் நான். என்னை எந்த எழுத்தில் வைத்திருக்கிறாய் என்று நீ எழுதவில்லை. மறந்ததா, மறைத்ததா?

காகிதம் பத்திரமாக இருக்கிறது. சாட்சி கேட்டிருக்கிறாய். குப்பனைக் கூப்பிட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும். கூப்பிடாவிட்டால் ஏன் கூப்பிடவில்லை என்று ஊருக்குத் தெரிந்துவிடும். யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். பார்க்கலாம்.

கோபால்சாமி


அம்பத்தூர்,
4.10.2025

மாமாவுக்கு,

வெற்றிவேலுக்கு இருபத்திரண்டு வயசு. அவன் அம்மாவுக்குப் பக்கவாதம், அதனால் நர்ஸ் படித்தான். போதுமா?

உங்களை எந்த எழுத்திலும் வைக்கவில்லை. வைக்க முடியவில்லை. நீங்கள் 'முடியாது' என்றால் கூரையும் மூன்று காலும் போட்டு வைத்துவிடுவேன். 'இன்னும் இல்லை' என்றால் மரத்தடியில் வைப்பேன். நீங்கள் சொல்வது பார்க்கலாம். பார்க்கலாம் என்பதற்கு ஜப்பானியரிடம் எழுத்து இருக்கிறதா என்று டீச்சரிடம் கேட்டேன். "இருக்கு. ஆனா அத மூணாவது வருஷத்துலதான் சொல்லித் தருவோம்" என்றார்.

மேற்கூரை ஓடு மாற்றுவது பார்க்கலாம். அந்த இரண்டாவது டெஸ்ட் பதினாலு மாசமாகப் பார்க்கலாம். நான் இந்தப் படிப்புக்கு மனு போட்டதைச் சொன்ன அன்றும் பார்க்கலாம் என்றீர்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும்போதும், என்னவோ இன்னும் பேச்சில் இருப்பது மாதிரி, "சரி, பார்க்கலாம்" என்றீர்கள். குப்பன் அண்ணன்தான் கையசைத்தார்.

இருக்கிறதே பதினொரு நாள். ஒரு வரி, ஒரு கையெழுத்து.

ரம்யா


காவலூர்,
12.10.2025

அன்புள்ள ரம்யாவுக்கு,

நான் நலம். நீயும் உன்னுடன் படிப்பவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

புதன் 2.6, வியாழன் 0.0, வெள்ளி 0.0, சனி 61.4.

ஈஸ்வரி டீச்சரை விசாரித்ததாகச் சொல். நல்லபடியாகப் படி. இங்கே எதுவும் விசேஷம் இல்லை.

கோபால்சாமி


அம்பத்தூர்,
18.10.2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். சந்தேகம் ஒன்றுகூட இல்லை. அதுதான் எனக்குச் சந்தேகம்.

வெற்றிவேல் பேரைக் காணோம். காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கெடு முடிந்து மூன்று நாளாகிறது. முதல் முறையாகப் பார்க்கலாம்கூட இல்லை. என்னுடன் படிப்பவர்களின் நலத்தை விசாரித்திருக்கிறீர்கள். போன ஞாயிறு நீங்கள் வளைவுக்கு வராததால், உங்களுக்குக் காய்ச்சலோ என்று பயந்து செல்லியம்மாள் அக்காவைக் கூப்பிட்டேன். காய்ச்சலைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை. ஆனால் இதைச் சொன்னார்:

"பொதன்கெழம சாயங்காலம் புட்ச்ச மழ, வெள்ளிக்கெழம வரிக்கும் ஊத்து ஊத்துன்னு ஊத்திச்சி. களத்துல கெடந்த சாம அம்புட்டும் நனஞ்சி போச்சி. படுதா இழுக்க ஆளு ஓணும்னு உன் வூட்டுக்கு வந்தா பூட்டு தொங்குது. உன் வூட்டுக்காரரு எங்கம்மா?"

நான், திட்ட வேலையாகப் போயிருப்பார் என்றேன். பொய் சொல்லும்போது என் குரல் எப்படி இருக்கும் என்று இப்போது புளியமரத்து வளைவு முழுக்கத் தெரியும்.

இந்த வாரம் எங்களுக்கு நோயாளி சார்ட் எழுதுகிற பாடம். இரவில் எவ்வளவு சிறுநீர் போனது என்று ஒரு கட்டம். சொட்டுக்கூடப் போகவில்லை என்றால் 無. யாரும் அளந்து பார்க்கவில்லை என்றால் 未. முதலாவது என்றால் டாக்டரை எழுப்ப வேண்டும். இரண்டாவது என்றால் நர்ஸை எழுப்ப வேண்டும். இரண்டுக்கும் சைபர் போடுகிற நர்ஸை டீச்சர் ஊருக்கு அனுப்பிவிடுவாராம்.

உங்கள் வியாழனும் வெள்ளியும் எந்தச் சைபர்? இரண்டு நாள் பார்க்காமல் விட்டால் மழைமானி ஜாடியில் தண்ணீர் அப்படியே நிற்கும். சனிக்கிழமை மொத்தமாக 61.4 என்று வரும்.

இன்னொரு பயிற்சியும் உண்டு. வாசல் பதிவேட்டில் வந்துபோனவர்களின் பெயரை ஜப்பானிய எழுத்தில் எழுதிப் பழகுவது. நேற்று என் பங்குக்கு ஒன்பதாம் தேதிப் பக்கம் வந்தது. வியாழக்கிழமை. முனியன், ஊர் படவேடு. போன் நம்பரில் இருக்கும் மூன்று சைபருக்கும் குறுக்கே கோடு. சைபருக்கு அப்படிக் கோடு போடச் சொன்னது சிவசங்கரி மேடம் என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள்.

'உறவு' என்ற கட்டத்தில் அந்த முனியன் 'இல்லை' என்று எழுதியிருக்கிறார். நாலில் எது என்று கேட்டு எழுதுங்கள்.

ரம்யா


காவலூர்,
23.10.2025

ரம்யாவுக்கு,

முனியன் நான்தான்.

புதன் மத்தியானப் பஸ்ஸில் வாணியம்பாடி வந்து, அங்கிருந்து ரயில் ஏறினேன். உன் கடிதங்களில் வெற்றிவேல் ஐந்து இடத்தில் வருகிறான். எண்ணினேன். நான் அதைவிட அதிக இடத்தில் வருகிறேன், ஆனால் எல்லா இடத்திலும் திட்டு வாங்கிக்கொண்டு வருகிறேன்.

கணவர் என்று எழுதினால் உன்னைக் கூப்பிட்டுவிடுவார்கள். நீ எதிரே வந்து நின்று எதற்கு வந்தீங்க என்றால் சொல்வதற்கு என்னிடம் எதுவும் கிடையாது. அதனால் இல்லை என்று எழுதினேன். எழுதி முடித்ததும் அதை அடித்துவிடலாம் என்று இருந்தது. வாச்மேன் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

அலுவலகத்தில் ஒரு பெண் இருந்தாள். என் தங்கச்சியைச் சேர்க்க வேண்டும், அவள் புருஷன் சம்மதக் காகிதம் எதில் எழுத வேண்டும் என்று கேட்டேன். அந்தப் பெண், "வூட்டுக்காரர் பேப்பர்லாம் நாங்க கேக்கறதே இல்லண்ணா. உங்க தங்கச்சி கையெழுத்தே போதும்" என்றாள். வாசலில் நம்பரை மாற்றி எழுதியவன் அவளிடம் வாய் தவறிச் சரியான நம்பரைச் சொல்லிவிட்டேன்; தங்கச்சியைச் சேர்க்கச் சொல்லி அங்கிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. வளைவில் நின்று பேசினேன். எனக்கு ஊர் அறியாத தங்கை ஒருத்தி இருப்பதாகக் குப்பன் இப்போது எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான். அம்மாவைப் பற்றியும் ஒரு மாதிரி பேசுகிறார்கள்.

ஆக, நான் வாசலில் ஒரு பொய் எழுதினேன். நீ அரிசி டப்பா மேல் ஒரு பொய் வைத்துவிட்டுப் போனாய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதற்கு அந்தக் காகிதம்? யாருக்குக் காட்ட? நான் முடியாது என்று எழுதினால் அதை வைத்துக்கொண்டு ஏதாவது செய்யப் போகிறாயா? குப்பன் வக்கீல் நோட்டீஸ் என்கிறான். அவனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவனாகவே சொல்கிறான்.

கோபத்தோடு வெளியே வந்து எதிர்க் கடையில் நின்றேன். பன்னிரண்டு மணிக்கு நீங்கள் எல்லோரும் கையில் அட்டையோடு முற்றத்துக்கு வந்தீர்கள். நீ ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டினாய். கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன் ஏதோ சொன்னான். தப்பாகச் சொன்னான் போலிருக்கிறது. நீ சிரித்தாய். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நம் வீட்டில் நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நீ சிரிக்கவில்லையா, நான் பார்க்கவில்லையா என்று ரயில் முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். பதிவேடு எதுவும் இல்லாததால் தெரியவில்லை.

வெள்ளி மத்தியானம் திரும்பி வந்து பார்த்தால் ஜாடி நிரம்பிக் கிடந்தது. அப்புறம் நடந்தது நீ சொன்னது போலத்தான். தீபாவளிக்கு மறுநாள் மேடம் வந்தபோது நானே சொல்லிவிட்டேன். அவர் சத்தம் போடவில்லை. "சைபர்னா மழை பெய்யலன்னு அர்த்தம், கோபால்சாமி. நீங்க பாக்கலன்னா பாக்கலன்னு எழுதுங்க. ரெண்டு நாள் காலியா இருந்தா நான் சமாளிச்சிக்குவேன். ரெண்டு நாள் பொய்யா இருந்தா மொத்த வருஷத்தையும் நான் சந்தேகப்படணும்" என்றார். இரண்டு சைபரையும் அடித்து, 'அளக்கவில்லை' என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். மலையில் இனி என் பதிவேடு சுத்தம் இல்லை.

உன் பதிலை எதிர்பார்க்கிறேன்.

கோபால்சாமி


அம்பத்தூர்,
28.10.2025

மாமாவுக்கு,

மையம் அந்தக் காகிதத்தைக் கேட்கிறது என்று நான் எங்கேயாவது எழுதியிருக்கிறேனா? கடிதங்களை எடுத்துப் பாருங்கள். 'எனக்கு வேண்டும்' என்றுதான் இருக்கும். அதை அலங்காயத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து நான்தான் டைப் அடித்தேன். அதில் மையத்தின் பெயர்கூடக் கிடையாது. நீங்கள் ஒரு தடவை முழுசாகப் படித்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பீர்கள். இது எங்கே கொடுப்பதற்கு என்று நீங்கள் கேட்கவே இல்லை. அதனால் நீங்கள் படிக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். பார்த்தேன் என்று எழுதினீர்கள். பார்த்திருப்பீர்கள்.

பொய்தான். அப்படி நினைக்க விட்டது பொய்தான். வக்கீலுக்கு அல்ல. குப்பன் அண்ணனிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது டெஸ்ட் எனக்கு அல்ல, உங்களுக்கு. நாம் இருவரும் இதை வாயால் சொன்னதே இல்லை, அதனால் எழுதுகிறேன். உறை ஈரமானால் ஆகட்டும். நீங்கள் பயப்படுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். முடியாது என்று ஒரு நாள் சொல்லியிருந்தால் நான் அழுதுவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்றால் கூடவே வந்திருப்பேன். பதினாலு மாசம் நீங்கள் சொன்ன பார்க்கலாமை நான் ஒவ்வொரு நாளும் 'இன்னும் இல்லை' என்று படித்துக்கொண்டு இருந்தேன். அப்படிப் படித்துக்கொண்டிருப்பதற்கும் ஒரு பலம் வேண்டும். அது தீர்ந்துபோன மாதிரி இருந்த அன்றுதான் இந்தப் படிப்புக்கு மனு போட்டேன்.

போவதற்கு எனக்கு யார் கையெழுத்தும் வேண்டாம். உங்களிடமிருந்து ஒரு பதில் வேண்டும். அதற்குத்தான் காகிதம். நீங்கள் ஆட்சேபணை என்று எழுதி அனுப்பினால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. நவம்பர் 14 அன்று பெயர்ப் பட்டியலை முடிக்கிறார்கள். அதற்குள் எதையாவது எழுதி அனுப்புங்கள். ஒன்றும் வராவிட்டால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு கிளம்புவேன். திரும்பி வரும்போது காவலூர் பஸ்ஸில் ஏறுவேனா என்பது எனக்குத் தெரியவில்லை.

முற்றத்தில் நான் சிரித்ததைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கல்யாணமான முதல் வருஷம் சிரித்தேன். அது நீங்கள் பார்க்காததுதான்.

ரம்யா


காவலூர்,
6.11.2025

அன்புள்ள ரம்யாவுக்கு,

உன் காகிதத்தை முழுசாகப் படித்தேன். ஒரு வரிதான். 'எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று இருந்தது. பேனாவை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். மூன்று நாள் இப்படியே போனது. அதில் கையெழுத்துப் போட்டால் நானும் நீயும் சேர்ந்து மூன்றாவது பொய்யைத் தயார் செய்தது மாதிரி ஆகும். ஒரு திருத்தம் செய்து அனுப்புகிறேன். அழகாக இல்லை.

சாட்சிக்குச் செல்லியம்மாள் அக்காவைக் கூப்பிட்டேன். "இன்னான்னு எழுதிக்கீற, படி" என்றார். படித்தேன். "ஏன்யா, வோணான்றியா, போவட்டும்ன்றியா?" என்றார். ரெண்டும்தான் என்றேன். "அந்தப் பொண்ணு கிட்ட இதத்தான் இத்தினி நாளு சொல்லாம இருந்தியா?" என்று கேட்டுவிட்டு, விரலை மையில் வைத்தார். குப்பனுக்கு விஷயம் தெரியாது. தெரியாமல் இருப்பது அவன் உடம்புக்கு ஆகவில்லை. இரண்டு நாளாகக் கடை திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வேலூருக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். பயமாக இருந்தது. டெஸ்ட் எடுத்துவிட்டார்கள், பத்து நாளில் முடிவு வரும். நாலு எழுத்தில் எது வந்தாலும் அப்படியே உனக்கு எழுதுகிறேன். சைபர் போட்டு அனுப்ப மாட்டேன்.

அந்த ஒல்லிப் பையன் உன்னோடு ஒரே ஊருக்குத்தான் வருகிறானா என்று தெரியவில்லை. கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

கோபால்சாமி

இணைப்பு: காகிதம் ஒன்று

காவலூரில் வசிக்கும் கோபால்சாமி ஆகிய நான், என் மனைவி ரம்யா வேலைக்காக ஜப்பான் செல்வதில் எனக்கு ஆட்சேபணை உண்டு என்பதையும், அவர் போய் வரட்டும் என்பதையும் இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

அடித்தல் ஒன்று. சேர்த்தல் இரண்டு.

(ஒப்பம்) கோபால்சாமி, கணவர்

சாட்சி: செல்லியம்மாள், பக்கத்து வீடு. இடது பெருவிரல் ரேகை.